பவுனம்மாளின் மெட்டு

சைகோனிலிருந்து ஒரு கிளாரினெட்டோடு ஊர் திரும்பிய அந்துவான், பாகூரில் நாலு பேரைச் சேர்த்து ஜாஸ் செட்டு வைத்தார். பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும்தான். மெட்டெல்லாம் அவரே கட்டியவை. கரும்பாலை கிறீச்சிடுவதைக் கேட்டு ஒன்று கட்டினார். அதை மாதா கோயில் திருவிழாவில் வாசித்ததிலிருந்து ஆலை கிறீச்சிடவில்லை. எண்ணெய் மிச்சம் என்று ஆலைக்காரருக்குச் சந்தோஷம். கள்ளுக்கடை சிங்காரத்தின் இருமலை வைத்து அடுத்த மெட்டு. சிங்காரம் அதற்கப்புறம் இருமவே இல்லை. சேவல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஐப்பசியில் காய்ச்சல் கண்டு அந்துவானின் மகள் ரோசாலி போய்ச் சேர்ந்தாள். ஒரே பிள்ளை, அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாள். அவளைப் பெற்ற பவுனம்மாள் சோறு வடிக்கும்போதும் அழுதாள், வரட்டி தட்டும்போதும் அழுதாள். மாசி பிறந்தும் அழுகை ஓயவில்லை.

"ஏங்க, எது எதையோ எடுத்தீங்களே, இதையும் எடுத்துக்குங்க. என்னால தாங்க முடியல" என்றாள் புருஷனிடம்.

"வேணாம்டி பவுனு" என்றுதான் அந்துவான் சொன்னார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சொல்ல முடியும்? ஒரு சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து, அவள் விசும்ப விசும்பக் கூடவே ஊதினார். ஊதி முடித்தபோது வீட்டில் சத்தமே இல்லை.

மறுநாள் பவுனம்மாள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். துணிப்பெட்டியைத் திறந்து ஒழுங்கு செய்தாள். அடியில் கிடந்த சின்ன கவுன் ஒன்றை உதறிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, யாரு வூட்டுப் புள்ளையோட கவுனு? பாவம், தேடிக்கினு இருப்பாங்க. குடுத்துட்டு வாங்க."

அந்துவான் அதை வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தார்.