ஒரு பாட்டில் ரத்தம்

"எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க டாக்டரம்மா!"

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு வந்து நின்றான் ஊர்சுத்தி. வயது ஐம்பதை நெருங்கியும் சின்ன வயதுப் பட்டப்பெயர் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

கட்டிலில் அவனுடைய அண்ணன், தையல்காரர். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். வெளுத்துப்போய்ப் படுத்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி. கொழுந்தனைக் கண்டதுமே அவளுக்கு எரிச்சல் கிளம்பிவிட்டது.

"முன்னாடி வயித்துல ஆபரேஷன் பண்ணினப்போ என் ரத்தத்தை ஏத்தித்தான் அண்ணன் பிழைச்சாரு. வேணும்னா அவரையே கேளுங்க!"

'ஆரம்பிச்சாச்சு' என்று நினைத்துக்கொண்டாள். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. ஒரே ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தான். அதற்காகக் கடையில் பாதியைத் தூக்கிக் கொடுத்தார் இந்த மனுஷர். சட்டைப் பொத்தானுக்குக் காஜாகூட ஒழுங்காக எடுக்கத் தெரியாதவனுக்குப் பாதிக் கடை! கேட்டால், "அவன் ரத்தம்டி எனக்குள்ள ஓடுது" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது?

டாக்டரம்மா அவன் சொன்னதைக் குறித்துக்கொண்டு, தையல்காரரின் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"மூச்சு வாங்குதா? நெஞ்சு படபடன்னு அடிக்குதா? எழுந்து உட்கார்ந்தா தலை சுத்துதா?"

"ஒண்ணும் இல்லைம்மா. பசிதான்."

"ரத்த அளவு ஒன்பது இருக்கு. இப்ப ஏத்த வேண்டாம்."

"என்ன டாக்டரம்மா! அண்ணன் முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கே!"

"முகத்தைப் பார்த்து ஏத்த முடியாதுங்க. ரத்தமும் மருந்து மாதிரிதான். தேவையில்லாம ஏத்தினா அதுவே வம்பு. இன்னும் குறைஞ்சா பார்ப்போம்."

ஊர்சுத்தியின் முகம் தொங்கிப்போனது. சுருட்டிய கையை இறக்காமல் நின்றான்.

"டேய், நாக்கு வறளுது. டீ வாங்கிட்டு வா" என்றார் தையல்காரர்.

அவன் படியிறங்கும் சத்தம் தேயும்வரை காத்திருந்தார்.

"அவன் சொன்னதை அடிச்சிடுங்கம்மா. எனக்கு அப்ப ரத்தம் ஏத்தவே இல்லை."

மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னங்க உளர்றீங்க? நான்தானே வெளியே நின்னேன்!"

"நீ வெளியே நின்னே. உள்ளே ஏறினது வெறும் சலைன். அந்த டாக்டரும் இவங்களை மாதிரிதான், லேசுல ஏத்த மாட்டார். 'ஆள் தாங்குவான், வேண்டாம்'னுட்டார். தம்பி கொடுத்த ரத்தம் பிரசவ வார்டுல யாரோ ஒரு பொண்ணுக்குப் போச்சு."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"அந்த வராண்டா ஞாபகம் இருக்கா உனக்கு?"

இல்லாமலா? பாதிச் சுவர் வரை பச்சைப் பெயின்ட். பினாயில் நெடி. அவள் இடுப்பில் மூத்தவள், இரண்டு பல் முளைத்த குழந்தை. ஊர்சுத்தி அப்போது மீசை அரும்பிய பயல். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தான். ரத்தம் கொடுத்ததற்குத் தந்த பிஸ்கட்டைத் தான் தின்னாமல் குழந்தை கையில் வைத்தான். அது பொட்டலத்தோடு சேர்த்துச் சப்பியது. அத்தனை பயத்திலும் இரண்டு பேரும் சிரித்தார்கள். எல்லோருமே எவ்வளவு சின்னவர்களாக இருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தண்டச்சோறுன்னுதான் கூப்பிடுவார். அன்னிக்குத்தான் முதல் தடவையா, தானும் ஒருத்தருக்குப் பிரயோசனம்னு அவனுக்குத் தோணியிருக்கு. கட்டில் பக்கத்துல வந்து நின்னான் பாரு, அந்த முகத்தைப் பார்த்து 'உன் ரத்தம் தேவைப்படலைடா'ன்னு எந்த வாயால சொல்றது? நான் வீடு திரும்பினதுலேருந்து அவனே கடைக்கு வந்து உட்கார்ந்தான். அப்புறம் ஊர் சுத்தவே இல்லை."

டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு, "நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றார்.

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். தம்பியிடம் வாங்கிக்கொண்டவர் என்றல்லவா இத்தனை வருஷமும் இவரை நினைத்திருந்தாள்!

ஊர்சுத்தி டீயோடு வந்தான். சட்டைக் கை இன்னும் தோளில்தான் இருந்தது.

"அண்ணி, உங்களுக்குச் சர்க்கரை கம்மியா போடச் சொன்னேன்" என்று ஒரு டம்ளரை நீட்டிவிட்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினான். "ஒரு அரை பாட்டிலாவது எடுத்துக்கக் கூடாதா?"

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள். 'இந்தாப்பா' என்பதைத் தவிர அவனை வேறு எப்படியும் கூப்பிட்டுப் பழகாதவள் சொன்னாள்:

"உட்காரு தம்பி. போன தடவை நீ கொடுத்ததே உங்கண்ணனுக்கு இன்னும் போதுமாம்."