பூவை உலுக்கிய கை

"அக்கா! கையை எடுங்க!"

பால்கனியே அதிர்ந்தது. நடுவிலிருந்த கம்பித் தடுப்பு வழியாக நீண்டிருந்த கை வெடுக்கென்று பின்வாங்கியது. தொட்டியில் தக்காளிச் செடியின் கம்பிப் பக்கக் கிளை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தரையில் மஞ்சள் பூக்கள்.

கைக்குச் சொந்தக்காரி, கத்தியவளின் மூத்த ஓரகத்தி. வீட்டைப் பாகம் பிரித்துக் கம்பி போட்ட நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"நேத்தும் பார்த்தேன், போனாப் போகுதுன்னு விட்டேன். அப்படி என்ன வயித்தெரிச்சல் உங்களுக்கு?"

"இல்லம்மா, நான் வந்து..."

"பேசாதீங்க! உங்க கொழுந்தன் நெஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு படுக்கையில கிடக்கார். ஒரு வாய் இறங்கல. தக்காளி சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். 'என் செடி காய்க்கட்டும், சாப்பிடுறேன்'னு அதையே நம்பிக்கிட்டு இருக்கார் அந்த மனுஷன். அந்தப் பூவைப் போய் உதிர்க்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

மூத்தவள் உள்ளே போய்விட்டாள்.

இளையவள் அதோடு விடுவாளா? அன்றைக்கே கம்பியை மறைத்து ஒரு பலகையைக் கட்டினாள். இனி எப்படி வருதுன்னு பார்க்கிறேன் அந்தக் கை!

ஒரு வாரம் ஓடியது. செடி தளதளவென்றுதான் நின்றது. ஆனால் அதற்குப் பிறகு பூத்ததெல்லாம் காம்போடு காய்ந்து விழுந்தது. கணவர் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் அவரே சுவரைப் பிடித்துப் பிடித்துப் பால்கனிக்கு வந்துவிட்டார்.

"நர்சரிக்காரர்கிட்ட போன்ல கேட்டேன். எனக்குத் தூசி ஆகாதுன்னு கண்ணாடியைச் சாத்தியே வச்சிருக்கோம்ல? காத்து வராது, வண்டு வராது. அப்புறம் எப்படிக் காய்க்கும்? தினம் செடியை லேசா உலுக்கி விடணுமாம். அப்பத்தான் மகரந்தம் விழுந்து காய் பிடிக்குமாம்."

தண்ணீர்க் குவளையோடு அவள் அப்படியே நின்றாள்.

"ஆனா ஒண்ணுதான் புரியல. பலகைப் பக்கம் இலையை விலக்கிப் பாரு, நாலஞ்சு காய் இருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்ல. அங்க மட்டும் யாரு உலுக்கினா?"

அவளுக்குக் கண் கரித்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். பலகைக் கட்டை அவிழ்த்தாள். காயில்லாத பக்கம் கம்பியை ஒட்டி வரும்படி தொட்டியை இழுத்தாள்.

"அக்கா..." என்றாள். "தொட்டியைத் திருப்பி வச்சிருக்கேன்."