மூன்றாவது புகார்

"கொயந்தைக்குத் தொப்புள்ல சீழ் வெச்சிகீது! அந்த ஜமீலா நர்சு மாதிரி வேல தெரியாத ஆளையெல்லாம் இன்னாத்துக்கு வெச்சிகினு கீறீங்க?"

அண்ணனூர் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நின்று தேவராஜ் கத்தினான். வரிசையில் இருந்த கர்ப்பிணிகள் எல்லாரும் ஜமீலாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் வசந்தகுமாரி அவளை உள்ளே அழைத்தார். "முந்தாநாள் தையல் வலின்னு வந்து கத்தினாரு, நீயும் போய்ப் பார்த்துட்டு வந்தே. இன்னைக்கு இது. யார் மேல புகாரோ அவங்களே வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும், அதான் இங்க வழக்கம். போயிட்டு வா. மூணாவது தடவை உன் பேர் வந்தா, வேற இடம் பார்த்துக்கோ."

ஜமீலா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தொப்புள்கொடியை வெட்டிய கத்தரியைச் சரியாகக் கொதிக்க வைத்தோமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

கோவில்பதாகையில் தேவராஜ் வீட்டில் குழந்தையின் தொப்புள் காய்ந்து சுத்தமாக இருந்தது. தாய் லோகநாயகியின் உதடுதான் வெடித்திருந்தது.

"முந்தாநாளே சொன்னேனே, தண்ணி குடிக்கிறீங்களாக்கா?"

மாமியார் ஞானம்மாள் முந்திக்கொண்டாள். "பச்ச உடம்புக்கு இன்னாத்துக்கும்மா தண்ணி? வயிறு உப்பிக்கும். ரெண்டு மடக்கு குடுத்துகினுதான் கீறேன்."

"அப்புறம் பால் எப்படிச் சுரக்கும்? ஜுரம் வந்தா யார் பார்க்கிறது? ஒரு சொம்பு கொண்டாங்க."

நர்ஸ் சொல்லை மீறப் பயந்து, முணுமுணுத்தபடியே கொண்டுவந்தாள் ஞானம்மாள். லோகநாயகி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

தேவராஜ் வழியனுப்பத் தெருமுனை வரை வந்தான். ஜமீலா நின்று அவனிடம் கேட்டே விட்டாள். "சீழும் இல்ல, ஒண்ணும் இல்ல. தையலும் நல்லாத்தான் ஆறியிருக்கு. நான் என்னண்ணே பாவம் பண்ணேன்? இன்னொரு புகார் போனா எனக்கு வேலை போயிடும்."

அவன் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "கோச்சிக்காதம்மா. நான் சொன்னா எங்கம்மா, 'பொண்டாட்டிதாசா'ன்னு தெருவையே கூட்டுது. நீ வந்துட்டுப் போனாத்தான் ரெண்டு நாளைக்காவது அவளுக்குத் தண்ணி கெடைக்குது. கத்தினாதானே உன்ன அனுப்பறாங்க?"

ஜமீலாவும் அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நாளன்னைக்கும் வந்து கத்துங்கண்ணே," என்றாள். "ஆனா என் பேரைச் சொல்லாதீங்க. டாக்டரம்மா பேரைச் சொல்லுங்க."