பால் கேட்காத கன்று

ரெட்டியார்சத்திரத்தில், குடியானவன் மாயாண்டியின் வீட்டு முன்னால் ஜீப் நின்றது. சாணிக்குப் பயந்து, கால்நடை ஆராய்ச்சி அதிகாரி தாமோதரன் கீழே இறங்கவில்லை. கன்றுக்குப் பாலே வேண்டாம், தான் கண்டுபிடித்த மாவுக்கஞ்சி போதும் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்காக மாயாண்டிக்கு ஐந்தாண்டுத் திட்டத்துப் பசுவும் கன்றும் கொடுத்திருந்தார். பால் குறைந்தால் பசுவைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

தூரத்துத் தொழுவத்தில் பசு கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

"கன்னு மடிக்கு முட்டுதா?" என்று ஜீப்பிலிருந்தபடியே மாயாண்டியைக் கேட்டார்.

"இப்பல்லாம் முட்டுறதே இல்லங்கய்யா."

"கழிச்சல்?"

"நின்னு போச்சுங்கய்யா."

"கத்துதா?"

"மூச்சுக் காட்டாதுங்கய்யா."

"கேட்டீங்களா சார்!" என்று பக்கத்திலிருந்த மேலதிகாரியிடம் பூரித்தார் தாமோதரன்.

"எடை போட்டுப் பார்ப்போமே" என்றார் மேலதிகாரி.

"மாயாண்டி, நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிட்டு வாய்யா!"

"நாலு பேரு எதுக்குங்கய்யா?"

மாயாண்டி ஒற்றைக் கையில் கன்றைத் தூக்கிவந்து ஜீப்புக்கு முன்னால் வைத்தான்.

"கஞ்சி குடிச்ச மூணாம் வாரமே செத்துப்போச்சுங்கய்யா. பசு பால் விடணுமே? அதான் தோலுக்குள்ள வைக்கோலைத் திணிச்சு நிப்பாட்டினேன்."

தொழுவத்தில் பசு கத்தியது.

"செத்த வெரசா எடை போட்டுக் குடுங்கய்யா. தாய் தேடுது."