கூடையில் படுத்த பாம்பு

மேற்கு ஆப்பிரிக்காவின் உய்தா நகரில், எங்கள் தெருவில் அஃபியாவியும் அவள் கணவன் சோசுவும் ஒரு மலைப்பாம்பு வளர்த்தார்கள். பகலில் மரப்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கும் சாதுவான பாம்பு அது. அவர்களுடைய கைக்குழந்தை காய்ச்சலில் இறந்த பிறகு, குழந்தையின் கூடையில் துணிக்கு அடியில் ஒளிய ஆரம்பித்தது. தூக்கிப் பெட்டிக்குப் பின்னால் விட்டாலும் கூடைக்கே திரும்பியது.

பாம்புக் கோயிலில் வேலை செய்யும் அகோசுவை அழைத்துக் காட்டினார்கள். அவர் துணியை விலக்கினார். பாம்பு வளையமாகச் சுற்றிக் கிடந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

“பொட்டப் பாம்புதான் முட்டையச் சுத்தி இப்படிப் படுக்கும். இது ஆணாச்சே, தங்கச்சி.”

“அப்போ எதைச் சுத்திப் படுத்திருக்கு, அண்ணே?”

அகோசு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“இந்தச் சனியனக் கோயில்லயே கொண்டுபோய் விட்டுடுறேன்!” என்று சோசு கூடையைத் தூக்க வந்தான்.

அஃபியாவி அதற்குள் வளையத்தின் நடுவில் கை வைத்திருந்தாள்.

“கத்தாத, சோசு. காய்ச்சல் இன்னும் விடல.”

அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு தானும் தொட்டுப் பார்த்தான். பாம்பின் உடம்பு சில்லென்று இருந்தது. நடுவில் கூடை சுட்டது.

சோசு உள்ளே போய், ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தான்.