இன்னாசியின் பதினான்கு சதவீதம்

கடலடி இணையக் கேபிளை யாரோ அறுத்த பிறகு அரசு ஆதாரம் எதையும் வெளியிடவில்லை. எந்தப் படகின் மேல் எத்தனை சதவீதம் சந்தேகம் என்பதை மட்டும் உடனுக்குடன் வெளியிட்டது. மீனவர் இன்னாசியின் படகுக்குப் பதினான்கு. பத்தைத் தாண்டினால் ஐஸ் கம்பெனிக்காரர்கூட மீன் வைக்க ஐஸ் தரமாட்டார்.

ஆறாவது தடவையாக விசாரணை அலுவலகத்தில் வரிசையில் நின்று, கால் மரத்துப்போய், அதே கேள்வியைக் கேட்டார் இன்னாசி.

"கேபிளு எந்தக் கிழமை அறுந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க சார்."

"அது ரகசியம்," என்றார் அதிகாரி, கணினியைப் பார்த்தபடியே.

"ஞாயித்துக்கிழமையா இருந்தா என்னய விட்டுருங்க. அன்னைக்கு எங்கூர்ல மாதா கோயில் பூசைக்குத்தான் போவோம். ஒருத்தரும் கடலுக்குப் போவமாட்டோம்."

அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

இன்னாசி படியிறங்குவதற்குள் பதினான்கு சதவீதம் நாற்பதாகியிருந்தது.