இரண்டு கிலோ

தொம்மென்று தரையில் விழுந்தது டம்பெல். இரண்டே இரண்டு கிலோ.

“முடியல டீச்சர்” என்று வலது கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார் அச்சகக்காரர்.

அவள் டீச்சர் இல்லை. இதய ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு எடை தூக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட். “மூச்ச அடக்காதீங்க, ஊதிக்கிட்டே தூக்குங்க, ஒண்ணு, ரெண்டு” என்று நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருப்பதால் நோயாளிகள் வைத்த பெயர் அது.

இந்த மனிதருக்கு பைபாஸ் முடிந்து பன்னிரண்டு வாரம். நெஞ்செலும்பு அழகாகக் கூடிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் நான்கு கிலோவைப் பத்துத் தடவை தூக்கியவர், போன வாரம் மூன்றுக்கே திணறினார். இன்று இரண்டுக்கே இந்த லட்சணம். ஏற வேண்டிய பலம் இறங்குகிறதென்றால், உள்ளே வைத்த ரத்தக்குழாய் மறுபடி அடைக்கிறதோ என்னவோ!

மார்பில் கட்டிய பட்டை நாடித்துடிப்பைத் திரையில் காட்டியது. எழுபத்தெட்டு. அதைச் சீட்டில் குறித்துக்கொண்டாள்.

சுவரோரம் நின்ற மனைவி பதறி ஓடி வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள். “இவருக்குச் சரியாக இன்னும் எத்தனை வாரம் ஆகும்? ஒரு தேதி சொல்லுங்க.”

வாராவாரம் இதே கேள்விதான். புருஷன் துவண்டு கிடக்கிறான், இவளுக்குத் தேதி வேண்டுமாம். சரியான கல்நெஞ்சக்காரி என்று டீச்சர் பல்லைக் கடித்தாள்.

அங்கேயே நின்று பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள்.

“ரெண்டு கிலோவே முடியலயா? ரிப்போர்ட்ட உடனே அனுப்புங்க. நாளைக்குக் காலையில அட்மிஷன். ஆஞ்சியோ பண்ணி, குழாய் விட்டுப் பாத்துடுவோம். அடைப்பு இருந்தா நெஞ்சத் திரும்பவும் திறக்க வேண்டியதுதான்” என்றார் டாக்டர்.

“நாளைக்கே குழாய் விடணுமா சார்? நெஞ்சத் திரும்பவும் திறக்கணுமா?” என்று கேட்டாள் டீச்சர். போனை வைத்துவிட்டு, ரிப்போர்ட் தாளை எடுக்க உள்ளறைக்குப் போனாள்.

தாளோடு திரும்பியவள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். மனைவி தையல் வேலைக்காரி. பள்ளிச் சீருடைத் துணி அடைத்த பெரிய பையைத் தரையிலிருந்து தூக்கி, முகத்தைக்கூடப் பார்க்காமல் புருஷன் பக்கம் நீட்டினாள். அவரும் அதே வலது கையால் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பத்து கிலோவுக்குக் குறையாது அந்தப் பை.

டீச்சர் சீட்டைப் பார்த்தாள். எழுபத்தெட்டு! நான்கு கிலோ தூக்கிய அன்று நூற்று நான்குக்குப் போன துடிப்பு. நிஜமாகவே திணறுகிறவருக்கு எகிற வேண்டாமா? அடப்பாவி மனுஷா!

ஃபைலில் சீல் வாங்கிவரச் சொல்லி மனைவியைக் கவுன்ட்டருக்கு அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

“கை நடிக்கும். இதயம் நடிக்காது சார். எதுக்கு இந்த நாடகம்?”

அச்சகக்காரரின் முகம் வெளுத்தது. பையை மெல்ல இறக்கினார்.

“இருபத்திரெண்டு வருஷமாச்சு கல்யாணமாகி. வாயத் தொறந்தா சண்டைக்குத்தான் தொறப்பேன். அவளுக்கும் அலுத்துப்போச்சு. பிரிஞ்சுடலாம்னு ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போயிட்டோம். கையெழுத்துப் போட வேண்டிய அன்னைக்குத்தான் எனக்கு நெஞ்சுவலி.”

“அப்புறம்?”

“‘உடம்பு தேறட்டும், அப்புறம் போட்டுக்கலாம்’னு சொன்னா. இப்போ வாரம் ரெண்டு நாள் இங்க வர பஸ்ல நாப்பது நிமிஷம் பக்கத்துல உக்காந்து வர்றா. பேசுறா. நானும் பேசுறேன் டீச்சர்! தேறிட்டேன்னு தெரிஞ்சா போயிடுவா.”

“அதுக்காக நல்லாருக்கிற நெஞ்சுல குழாய் விட்டுக்கப் போறீங்களா?”

“விடட்டும். பரவால்ல.” கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சர் அவரை வெளியே போய் உட்காரச் சொன்னாள்.

ரிப்போர்ட் தாள் முன்னால் கிடந்தது. உண்மையை எழுதினால் ஒரு குடும்பம் உடையும். பொய் எழுதினால் நல்ல மனிதனைக் கட்டிலில் படுக்கப்போட்டுக் குத்துவார்கள். நாடிக் கணக்கு, துணிப்பை, எல்லாவற்றையும் எழுதி, ‘இதயம் நன்றாக இருக்கிறது, பரிசோதனை தேவையில்லை’ என்று முடித்து டாக்டருக்கு அனுப்பிவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் சரி என்று பதில் வந்தது.

மனைவி சீல் வாங்கிக்கொண்டு வந்தாள். அவளிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

“உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் இல்ல. பலமாத்தான் இருக்கார். இனிமே இங்க வர வேண்டிய அவசியமே இல்ல.” டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “நீங்க கேட்ட தேதி இன்னைக்குத்தான்.”

மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஃபைலை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“போன்ல பேசினீங்களே, குழாய் விடணும்னு. அது?”

“அது வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டார்.”

“நெஞ்சத் திரும்பவும் திறக்க மாட்டாங்கல்ல?”

“மாட்டாங்க.”

அடக்கிவைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய்க் கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

“அவருக்குச் சரியாயிடுச்சுன்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்.”